நீர்வரவு அறிவிப்பும் வலைத்தொழிலும்

உழவுத் தொழிலுக்கு மழை எப்படியோ, ஆற்றிலும் ஏரியிலும் வலை வீசிப் பிழைப்போருக்கு நீர்வரவு அப்படியே ஆகும். நீர் மிகுந்தாலும் கஷ்டம், குறைந்தாலும் கஷ்டம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. வானத்து மழை எந்த வயலில் எந்த நாழிகையில் விழும் என்று முந்திக் கூறுதல் அரிது. ஆற்று வெள்ளமோ தூரத்து மலைப் பிரதேசத்தில் உற்பத்தியாகி, அணைகளையும் மதகுகளையும் கடந்து, பல மணி நேரமோ பல நாட்களோ பிரயாணம் செய்து ஊர்க்கரைக்கு வந்து சேருகிறது. அது புறப்பட்ட இடத்தில் அளந்த கணக்கு முன்னதாகக் கிடைக்குமானால், வந்து சேரும் காலத்தை ஊகித்துத் தொழிலை ஒழுங்கு செய்துகொள்ளலாம். நீர்வரவு அறிவிப்பின் பிரயோஜனம் இதுவே.

இத்தகைய அறிவிப்பு இந்தியாவுக்குப் புதிதன்று. 1958-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் டில்லிப் பழைய பாலத்தருகே யமுனை நதியின் வெள்ள மட்டத்தை முன்கூட்டிக் கூறும் வேலை தொடங்கப்பெற்றது. அதுமுதல் மத்திய நீர் ஆணையம் இவ்வேலையை நாட்டின் பெரிய நதிகள் பலவற்றுக்கும் விஸ்தரித்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டு நீர்வளத் துறையார் முக்கியமான அணைகளின் நீர் மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாள்தோறும் கணக்கெடுக்கின்றனர். இக்கணக்குகள் பத்திரிகை, ரேடியோ, கைபேசி ஆகியவற்றின் மூலம் கிராமங்களுக்கும் எட்டுகின்றன.

அறிவிப்பைக் கேட்டுப் படகை நிறுத்தும் வழக்கத்திற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. காவிரி கர்நாடக எல்லையைக் கடக்கும் பிலிகுண்டுலுவில் நீரின் அளவு கணக்கிடப்படுகிறது. அவ்வளவு உயர்ந்ததும், கீழே ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுவதற்கு ஜில்லா நிர்வாகத்தார் தடை விதிக்கின்றனர். வடிந்ததும் தடை நீக்கப்படுகிறது. அங்கே அளவெடுக்கும் இடமும் பரிசல் துறையும் அருகருகே இருப்பதால் கணக்கு எளிது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கிராமங்களுக்கு அது அவ்வளவு எளிதன்று. "மேட்டூருக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்ற செய்தி மேட்டூரைப் பற்றியது. தன் துறையில் நாளைக் காலை நீர் முழங்காலளவா, கழுத்தளவா என்பதே வலைஞன் அறிய விரும்புவது. தூரத்துக் கணக்கை ஊர்த்துறையின் கணக்காக மாற்றும் வேலையை எந்த இலாகாவும் ஒவ்வொரு கிராமத்திற்கும் செய்து தர இயலாது. அது கூட்டுறவு சங்கத்தினால் ஆக வேண்டிய வேலை. அதற்குரிய முறை, நெய்வேலியைச் சுற்றிய பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு கீழே விளக்கப்படுகிறது.

1. மூவகை நீர்

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தாலும் அதைச் சார்ந்த நகரியத்தாலும் பெயர் பெற்ற நெய்வேலியைச் சுற்றி, உள்நாட்டு மீன்பிடிப்புக்கு உதவும் நீர்நிலைகள் மூன்று வகையாய் உள்ளன. முதலாவது, பரவனாறும் அதனால் நிரம்பும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்பவையும். இரண்டாவது, மணிமுத்தாறு கலக்கும் வெள்ளாறு. மூன்றாவது, காவிரியின் கிளையாகிய கொள்ளிடமும், கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் பெறும் வீராணம் ஏரியும். மூன்றும் ஒரே ஜில்லாவில் தொழில் செய்வோருக்கு உரியனவாயினும், மூன்றின் வெள்ளமும் ஒரே விதமாய் வருவதில்லை. முதலாவதில் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம். இரண்டாவதில் ஏறக்குறைய ஒரு நாள். மூன்றாவதில் பல நாட்கள். இவ்வேற்றுமையை அறியாமல் ஒரே அறிவிப்பை மூன்றுக்கும் பொருத்துவதால்தான் அறிவிப்பின்மேல் நம்பிக்கை குறைகிறது.

2. பரவனாறு: மழையும் சுரங்க நீரும்

நெய்வேலி நிலக்கரிக் கழகம் 1956-ம் வருஷத்தில் ஏற்பட்டது. மறு வருஷம் சுரங்க வேலை தொடங்கிற்று. நிலக்கரிப் படிவத்தின் கீழே மிகுந்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். இவ்வாறு இறைக்கப்படும் நீரில் ஒரு பங்கு அனல் மின் நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் பயன்பட, மிகுந்தது கால்வாய்களில் ஓடி வாலாஜா, பெருமாள் ஏரிகளின் பாசனத்திற்கு உதவுகிறது. மழைக்காலத்தில் சுரங்கப் பள்ளத்தில் தேங்கும் மழை நீரும் இறைத்து வெளியேற்றப்படுகிறது.

ஆகையால் பரவனாற்று நீர் இரு காரணங்களால் ஏறும். மழை பெய்தால் உடனே ஏறும். மழை ஓய்ந்த பின்பும், சுரங்கத்திலிருந்து இறைப்பு நடக்கும் வரை எளிதில் வடியாது. வானம் வெளுத்ததைக் கண்டு நீர் வடிந்துவிடும் என்று வலை கட்டுவோர் ஏமாறுவது இதனால்தான். இவ்வாற்றில் முதன்மையாய்ப் பார்க்க வேண்டியது எந்த அணையின் கணக்குமன்று. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மழை எச்சரிக்கையே. 2015-ம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி நெய்வேலி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் பெய்த பெருமழையால் ஓடைகள் சில மணி நேரத்தில் பெருக்கெடுத்து உயிர்ச்சேதமும் விளைவித்ததை இப்பிரதேசத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மேட்டூர்க் கணக்கைப் பார்த்திருந்தவருக்கு அதனால் யாதொரு பயனும் இருந்திராது.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. 2023-ம் வருஷத்தில் வளையமாதேவிப் பகுதியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை நடைபெற்றது. ஆற்றின் போக்கு மாறிய இடங்களில், "இந்தக் கல் மூழ்கினால் அந்த மேட்டில் இத்தனை நீர்" என்று முன்னோர் வைத்திருந்த அடையாளங்கள் இனிச் செல்லா. அவ்விடங்களில் புதிதாக அளவு பார்க்கத் தொடங்க வேண்டும்.

3. வெள்ளாறு: மலை மழையின் கணக்கு

வெள்ளாறு, சேலம் பக்கத்து மலைகளினின்றும் இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி உண்டாவது. கோமுகி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு விருத்தாசலத்தின் வழியே வரும் மணிமுத்தாறு இதனோடு கலக்கிறது. பின்னர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டையருகே வெள்ளாறு கடலை அடைகிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கல்வராயன் மலைத்தொடரில் பலத்த மழை பெய்தால் திடீரெனப் பெருகும். ஊரில் ஒரு துளி மழையும் இல்லாத நாளிலும் வெள்ளம் வரக்கூடும்.

ஆகவே இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: மலைப்பகுதியின் மழை அறிவிப்பு, கோமுகி, மணிமுத்தாறு அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் அறிவிப்பு, மேலே விருத்தாசலம் போன்ற இடங்களில் உள்ளோர் நேரில் கண்டு சொல்லும் செய்தி. மேலூர்ச் சங்கத்தாரும் கீழூர்ச் சங்கத்தாரும் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்வது மிகவும் உபயோகமானது. மேலூரில் நீர் நுரைத்து ஏறிய நேரத்தையும் கீழூரில் ஏறிய நேரத்தையும் நாலைந்து வெள்ளங்களுக்குக் குறித்து வைத்தால், இடைப்பட்ட பிரயாண காலம் தானே விளங்கிவிடும்.

4. கொள்ளிடமும் வீராணமும்: அணையின் கணக்கு

மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து விடப்படும் நீர் முக்கொம்பிலுள்ள மேலணையை அடைந்ததும் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. பாசனத்திற்கு மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்திலே திருப்பப்படும். கொள்ளிடத்தின் குறுக்கே 1830-களில் கட்டப்பட்ட கீழணையில் தேங்கும் நீர், வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்புகிறது. மீதி கடலுக்குச் செல்கிறது.

இவ்வழியில் நீர் செல்லும் காலத்திற்குச் சமீப வருஷங்களின் தேதிகளே சாட்சி. 2021-ல் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறக்கப்பட்டு, 16-ந் தேதி கல்லணை திறக்கப்பட்டது. 2022-ல் மே 24-ந் தேதி மேட்டூர் திறக்கப்பட்டு, 27-ந் தேதி கல்லணை திறக்கப்பட்டது. அஃதாவது மூன்று அல்லது நான்கு நாள். கீழணைக்கு அதற்கு மேலும் காலம் வேண்டும். ஆனால் இக்கணக்கு காய்ந்த மணலில் புதிதாக வரும் நீருக்கு உரியது. மணல் நனைந்து ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கையில் மேலும் வெள்ளம் விடப்பட்டால், அது இதைவிட விரைந்து வந்து சேரும். முதல் திறப்பின் கணக்கை நம்பி இரண்டாம் வெள்ளத்தில் வலையைப் பறிகொடுப்பது இதனாலேயே.

வீராணத்தின் முழுக் கொள்ளளவு 146.5 கோடி கன அடி; முழு மட்டம் 47.50 அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 8.64 கோடி கன அடி நீர் சேரும். ஆகவே வெற்றேரி, வெளியே ஒன்றும் விடாமல், அவ்வீதத்தில் நிரம்புவதற்கு ஏறக்குறைய 17 நாட்கள் ஆகும். 2,000 கன அடி வந்தால் எட்டரை நாள். பாசனத்திற்கு எடுக்கும் நீரையும், 2004-ம் வருஷம் முதல் சென்னைக் குடிநீருக்குச் செல்லும் நீரையும் வரத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். கூட்டல் கழித்தல் அறிந்த எந்த அங்கத்தினரும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரு ஜாக்கிரதை வேண்டும். செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேற்கே பெய்யும் மழை நீரைக் கொணர்ந்து இவ்வேரியில் நேராகக் கொட்டுகின்றன. அந்நாட்களில் காவிரிக் கணக்கு மட்டும் போதாது.

5. ஏறு நீரும் இறங்கு நீரும்

நீர் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே மீன்பிடிப்புக்கு முக்கியம். ஏறு நீரில் கலங்கலும், மரக்கிளை, ஆகாயத்தாமரை முதலிய குப்பையும் வரும். நிறுத்தி வைத்த வலையில் மீனைவிடக் குப்பையே மிகுதியாய்ச் சேர்ந்து, அதன் பாரத்தால் வலை கிழியும் அல்லது அடித்துக்கொண்டு போகப்படும். மீன்களும் புது நீர் பரவிய இடமெல்லாம் சிதறிவிடும். ஏரி வேகமாய் நிரம்பும் நாட்களில் வலைக்கு மீன் குறைவது இக்காரணத்தால்தான். இறங்கு நீரிலோ, வாய்க்காலிலும் தாழ்ந்த வயல்களிலும் ஏறியிருந்த மீன்கள் ஆற்றுக்கும் ஆழ்பகுதிக்கும் திரும்பும். அப்போது ஓடை வாய்களிலும் மதகடிகளிலும் குறைந்த செலவில் நல்ல பாடு கிடைக்கும். ஆகையால் அறிவிப்பைக் கொண்டு தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம், உச்சம் எந்த நாளில் கடக்கும் என்பதே. பனிக்கட்டி வாங்குவதும், வண்டி பேசுவதும், வியாபாரிக்குச் சொல்லியனுப்புவதும் அதற்கு மறுநாளுக்கு ஏற்பாடு செய்யத்தக்கவை.

ஏறு நீரில் பிடிக்காதிருப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு. கட்லா, ரோகு, மிருகால் முதலிய பெருங்கெண்டைகள் நின்ற ஏரி நீரில் முட்டையிடுவதில்லை. ஓடும் புதுவெள்ளத்தில்தான் இனப்பெருக்கம் செய்யும். புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும் சினை மீன்களை மதகடியில் வளைத்துப் பிடிப்பது, ஒரு நாள் கூடையை நிரப்பி மறுவருஷக் கூடையைக் காலியாக்குவதாகும்.

6. சங்கம் வைக்க வேண்டிய ஏடு

மேற்கூறியவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர அதிகச் செலவில்லை. துறையில் அசையாத ஒரு கல்தூணிலோ மதகுச் சுவரிலோ அடியும் அங்குலமும் வர்ணத்தால் குறிக்க வேண்டும். காலை மாலை இரு வேளையும் ஒருவர் அதைப் பார்த்து ஓர் ஏட்டில் எழுத வேண்டும். ஏட்டில் இருக்க வேண்டியவை: தேதி, அறிவிப்பு எந்த இடத்தைப் பற்றியது, எத்தனை மணிக்கு வெளியாயிற்று, துறையின் நீர் மட்டம், ஏற்றமா இறக்கமா, தொழிலுக்குச் சென்றோர் தொகை, கிடைத்த மீன் எடை, சேதமான வலை. ஒரு பருவம் இவ்வாறு எழுதி வந்தால், "மேலே இத்தனை ஆயிரம் கன அடி விட்டால் இத்துறையில் எத்தனை நாளில் எத்தனை அடி" என்பதற்குச் சங்கத்தின் சொந்த விடை கிடைத்துவிடும். எவ்வளவு ஏறினால் வலையைக் கரையேற்றுவது என்ற எல்லையையும் அந்த ஏட்டைக் கொண்டே தீர்மானித்து, சங்கத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். எல்லையைச் சேர்ந்த வர்ணக் கோடு தூணிலேயே இருப்பது நலம். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும்.

அறிவிப்பு வெளியான மணியைக் குறிப்பது ஏன் என்று சிலர் கேட்கலாம். 2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விடப்பட்ட நீர் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2-ந் தேதி அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடியாயிற்று. முதல் நாள் பகலில் கேட்ட தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு இரவில் ஆற்றில் இறங்கியவருக்கு அது பழங்கணக்கே. மேலும் அணைகளும் மனிதர் கட்டியவையே. 2018-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. அதை எந்த அறிவிப்பும் முந்திக் கூறவில்லை. ஆகையால் வெள்ள காலத்தில் இரவு வலை போடுவோர் தனித்துச் செல்லலாகாது. கரையில் ஒருவர் விழித்திருந்து தூணைப் பார்த்தல் அவசியம்.

7. நின்ற நாளின் நஷ்டம்

இவ்வளவு ஏற்பாடும் ஓர் இடத்தில் தடைப்படக்கூடும். எச்சரிக்கையைக் கேட்டு வீட்டிலிருந்தவனுக்கு அன்றைய வரும்படி இல்லை. எச்சரித்த வெள்ளம் வராமலே போவதும் உண்டு. அந்நாளில் துணிந்து சென்றவன் கூடை நிறையத் திரும்பினால், கீழ்ப்படிந்தவன் நகைப்புக்கு இடமாவான். இவ்வாறு இரண்டு முறை நேர்ந்தால் மூன்றாம் முறை எவரும் கீழ்ப்படியார். அந்த மூன்றாம் முறையே மெய்யான வெள்ளமாக இருக்கலாம். உயிர் போவது பெரும்பாலும் செய்தி கிடைக்காமையால் அன்று. கிடைத்த செய்திக்கு அடங்கியிருக்க வீட்டில் அரிசி இல்லாமையால்.

தனி மனிதனால் தீர்க்க முடியாத இக்கஷ்டத்தைச் சங்கம் தீர்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு உள்ள 61 நாள் தடைக்காலத்தில், கடல் மீனவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் நிவாரணத் தொகை அளிக்கின்றனர். தொழிலை நிறுத்தச் சொல்லுவோர் நின்றதன் நஷ்டத்திலும் பங்கு கொள்ள வேண்டும் என்பதே அதன் தத்துவம். அதே தத்துவத்தை உள்நாட்டு மீனவர் சங்கமும் சிறிய அளவில் அனுசரிக்கலாம். நல்ல பாடு கிடைக்கும் இறங்கு நீர் நாட்களில் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கி, சங்கத் தீர்மானப்படி வலை கரையேறிய நாட்களில் அங்கத்தினருக்குப் படியாகக் கொடுக்க வேண்டும். வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் படி உண்டு என்பது விதியாயிருக்க வேண்டும். எல்லைக் கோடு மூழ்கிய நாளில் சென்றவனுக்கு அப்படியில் பங்கில்லை என்பதும் விதியாயிருக்க வேண்டும். ஏட்டில் தேதியும் மட்டமும் இருப்பதால் இதில் வழக்குக்கு இடமிராது.

சென்னை மாகாணத்தில் விவசாயிகளுக்குக் கடன் சங்கங்கள் அமைக்கும் வழியை ஆராய்ந்து 1895-ல் அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் துரையே, 1907-ல் இம்மாகாணத்து மீன்வள இலாகாவின் வேலையைத் தொடங்கி நடத்தியவருமாவார். 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்திற்கு அவ்வறிக்கை ஒரு முக்கிய காரணம். சிக்கனமாய்ச் சேர்த்த சிறு தொகையும் ஒழுங்காய் எழுதிய கணக்கும் ஏழைத் தொழிலாளியைக் காக்கும் என்ற கொள்கை, இரு துறைகளிலும் ஒன்றே.

அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், சங்கங்கள் மூன்று காரியங்களை முடித்துக்கொள்வது நலம்: துறையில் அளவுத் தூண், சங்கத்தில் நீர்வரவு ஏடு, கணக்கில் நின்ற நாட்படி நிதி. தூணுக்கு வர்ணமும் ஏட்டுக்குக் காகிதமும் சொற்பச் செலவே. மூன்றாவதைப் பற்றி மட்டும் பொதுக்கூட்டத்தில் நன்கு விவாதித்து, எல்லோரும் சம்மதித்த விகிதத்தைத் தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும்.